ஒன்பது கட்டைகளின் கதை

பழைய சாலையில் தெற்கே போகும் பேருந்துகள் ஆயர் ஈத்தாமில் நின்றுதான் போகும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் முதலாம் எண் சாலையும், பத்து பகாட், குளுவாங், மெர்சிங் என்று குறுக்கே ஓடும் ஐம்பதாம் எண் சாலையும் சந்திக்கிற இடம் இது. பயணிகள் இறங்கி ஒரு கோப்பி குடிப்பார்கள். பீங்கான் கடையில் பூச்சாடியை எடுத்துப் பார்த்து விலை கேட்பார்கள். பேருந்து ஹார்ன் அடித்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது. ஊரின் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று பொருள்.

இங்கே வளர்ந்த எனக்கு இசைக்கருவி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நாதஸ்வரமோ வீணையோ இல்லை. ஆர்கன்தான். கீபோர்டு என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் பிற்பாடு வந்தது. என் மாமா வார நாட்களில் லாரிப் பட்டறையில் வேலை செய்வார். சனி ஞாயிறுகளில் வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் ஆர்கன் வாசிப்பார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, குளுவாங்கில் கல்யாணம், யோங் பெங்கில் பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். அவரிடம் இருந்தது சிங்கப்பூரில் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு ஜப்பான் ஆர்கன். அதன் இடது பக்கம் ஒன்பது கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். அதற்கு டிராபார் என்று பெயர். மாமா இழுப்புக் கட்டை என்பார்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, கோயில் மேடைக்குப் பின்னால் அவர் ஒரு விரலால் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்:

"அந்த மூணாவது கட்டைய வெளிய இழு மருமவனே. கேட்டியா? இப்ப அஞ்சாவத இழு. இப்ப ஏழாவது. சுரம் அதே சுரந்தான். ஆனா ஆளு மாறிட்டான் பாத்தியா?"

ஆள் மாறியிருந்தான். முதலில் புல்லாங்குழல் போல இருந்தது, பிறகு மூக்கடைத்த கிளாரினெட் போல ஆனது. அன்றைக்கு அது மந்திரமாகத் தோன்றியது. பதினேழு வயதில் அதே ஒலி எனக்கு வெட்கமாக இருந்தது. நண்பர்கள் அதைப் பெட்டிச் சத்தம் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தச் சிரிப்புக்குக் கட்டும் தண்டம்.

தம்புராவுக்குள் இருக்கும் காந்தாரம்

அந்த ஒன்பது கட்டைகள் என்ன செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளத் தம்புராவைக் கேட்டாலே போதும். ச, ப என்று மட்டுமே சுருதி சேர்த்த தம்புராவை மீட்டிக்கொண்டே இருந்தால், யாரும் மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து வரும். நம் இசைக்காரர்கள் அதைச் சுயம்பு என்பார்கள். தந்தி முழுதாக அதிரும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் பிரிந்து அதிர்வதால் வருவது அது. இரண்டு பாகமாக அதிரும்போது மேல் ச. மூன்றாக அதிரும்போது அதற்கு மேலுள்ள ப. ஐந்தாக அதிரும்போது காந்தாரம். ஒரு குரலுக்கும் இன்னொரு குரலுக்கும், வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தத் துணை ஒலிகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1863இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

அப்படியானால் தனித்தனியான தூய ஒலிகளை வேண்டிய அளவில் கலந்து புதிய குரல்களைச் சமைக்க முடியும்தானே? அமெரிக்காவில் தாடியஸ் காஹில் என்பவர் அதைச் செய்து பார்த்தார். அவருடைய டெல்ஹார்மோனியம் சுமார் 200 டன் எடை. 1906இல் நியூயார்க்கில் அதை நிறுத்தி, தொலைபேசிக் கம்பி வழியாக உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் இசையை அனுப்பினார்கள். மின்பெருக்கி வராத காலம். பணம் தின்று அது படுத்துவிட்டது.

அந்த யோசனையை ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கியவர் லாரன்ஸ் ஹாமண்ட். அவர் இசைக்கலைஞர் அல்லர். ஆர்கன் வாசிக்கவும் தெரியாது. சிகாகோவில் மின்கடிகாரம் செய்து விற்ற பொறியாளர். மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து பிசகாமல் ஓடும் மோட்டார் அவர் கையில் இருந்தது. அந்த மோட்டாரைக் கடிகார முள்ளுக்குப் பதிலாகப் பல் வைத்த இரும்புச் சக்கரங்களை ஓட்ட வைத்தார். ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்திலும் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். பல் கடக்கும் ஒவ்வொரு தடவையும் சுருளில் ஒரு மின் அலை. பின்னாளைய மாதிரிகளில் இப்படி 91 சக்கரங்கள். 1934இல் காப்புரிமை பெற்றார். 1935இல் ஹாமண்ட் ஆர்கன் கடைக்கு வந்தது.

அந்தச் சக்கரங்களின் ஒலியைக் கலக்கத்தான் ஒன்பது கட்டைகள். ச வாசிக்கும்போது ஒவ்வொரு கட்டையும் என்ன கொடுக்கும் என்று நம் கணக்கில் சொன்னால்: முதல் கட்டை மந்திர ச. இரண்டாவது, வாசிக்கும் சுரத்துக்கு மேலே உள்ள ப. மூன்றாவதுதான் வாசித்த ச. நான்காவது மேல் ச. ஐந்தாவது அதற்கும் மேலான ப. ஆறாவது இன்னும் ஒரு ஸ்தாயி மேலே ச. ஏழாவது காந்தாரம். எட்டாவது ப. ஒன்பதாவது உச்சி ச. மாமா என்னை இழுக்கச் சொன்னது மூன்று, ஐந்து, ஏழு. ஒன்று, மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படைத் துணை ஒலிகள் மட்டும் சேர்ந்தால் கிளாரினெட்டின் குழிந்த குரல் வரும்.

ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 8 வரை ஒன்பது நிலை. ஒன்பது கட்டைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 38 கோடியே 74 லட்சத்து 20 ஆயிரத்து 489 சேர்க்கைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடையே காதால் வேறுபாடு காண முடியாது என்பது வேறு விஷயம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கட்டைகளின் மேல் 16, 8, 4 என்று எண்கள் எழுதியிருக்கும். அவை அடிக்கணக்கு. தேவாலயக் குழாய் ஆர்கனில் 16 அடிக் குழாய், 8 அடிக் குழாய் என்று இருக்கும் அல்லவா, அந்த அடி. ஹாமண்டின் பெட்டிக்குள் ஒரு சாண் குழாய்கூடக் கிடையாது. இல்லாத குழாய்களின் நீளத்தை மேலே எழுதிவைத்திருந்தார்கள்.

வழக்கு

குழாய் ஆர்கன் செய்பவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இதுவா ஆர்கன் என்றார்கள். விவகாரம் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையத்துக்குப் போனது. குழாய் ஆர்கனுக்கு ஈடாக ஒலிக்கும் என்று விளம்பரம் செய்வது ஏமாற்று வேலை என்று 1936இல் ஹாமண்ட் நிறுவனத்தின்மேல் குற்றச்சாட்டு. விசாரணையின் பகுதியாக சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய தேவாலயத்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கிருந்த விலையுயர்ந்த குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மறைவிலிருந்து மாற்றி மாற்றி வாசித்தார்கள். எது எது என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். இசைத் தேர்ச்சி உள்ளவர்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தவறாகச் சொன்னார்கள். மாணவர்கள் குத்துமதிப்பாகச் சொன்னதற்குச் சமமாகத்தான் சொன்னார்கள்.

சில விளம்பர வாசகங்களை நிறுவனம் கைவிட வேண்டும் என்று ஆணையம் 1938இல் முடிவு செய்தது. ஆனால் ஆர்கன் என்ற பெயர் ஹாமண்டிடமே நின்றது.

அந்த வழக்கில் இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தன. குழாய் ஆர்கன்தான் அளவுகோல், ஹாமண்ட் அதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதுதான் கேள்வி. உண்மையில் அந்தக் கருவி குழாய் ஆர்கனைவிட்டு விலகிய இடங்களில்தான் பிற்பாடு அது நேசிக்கப்பட்டது.

விசையை அழுத்தும்போது ஒன்பது மின்தொடுப்புகளும் ஒரே நொடியில் சேராது. அதனால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் முந்திக்கொண்டு வரும். பொறியாளர்கள் அதைக் குறை என்று நினைத்தார்கள். ஜாஸ் கலைஞர்கள் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டார்கள். துணை ஒலிகளைத் தனியாகச் செய்யாமல் வேறு சுரங்களின் சக்கரங்களிலிருந்தே கடன் வாங்கியதால், அந்த ஏழாவது கட்டையின் காந்தாரம் தம்புராவின் காந்தாரத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாக நிற்கும். அந்தக் கடன்தான் அதன் குரலுக்கு ஒரு கரகரப்பைக் கொடுத்தது. 1940களின் தொடக்கத்தில் டான் லெஸ்லி என்பவர் சுழலும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்தார். ஒலி நம்மை நோக்கி வந்து விலகிப்போகும்போது சுருதி ஏறி இறங்கி அலையும். ஹாமண்டுக்கு அது பிடிக்கவே இல்லை. வாங்கவும் மறுத்தார், விற்கவும் மறுத்தார். இன்றைக்கு ஹாமண்ட் ஒலி என்று நாம் சொல்வதில் பாதி அந்த லெஸ்லிப் பெட்டி.

குழாய் ஆர்கன் வாங்க வழியில்லாத கறுப்பின மக்களின் தேவாலயங்கள் ஹாமண்டை வாங்கின. அங்கிருந்து அது ஜாஸுக்குப் போனது. ஜிம்மி ஸ்மித் முதல் மூன்று கட்டைகளை மட்டும் முழுதாக இழுத்து வைத்து வாசித்த குரல் ஒரு இலக்கணமாகவே ஆகிவிட்டது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் அதை கிதார் பெருக்கியில் செருகி உறும வைத்தார். ஆணையத்தின் முன்னால் நின்ற அந்தப் பழைய கேள்வியை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

தோட்டத்துக்கு வராத ஆர்கன்

ஹாமண்டின் புகழ்பெற்ற பி-3 மாதிரி 1950களின் நடுவில் வந்து 1970களின் நடுவில் நின்றுபோனது. மிதிகட்டையும் இருக்கையும் சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ. அது தோட்டத்து மேடைகளுக்கு வந்திருக்க முடியாது. எடை ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். மூன்றாவது காரணம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அது மின்சாரம்.

ஹாமண்டின் சுருதி மின்சாரத்தின் துடிப்போடு கட்டிப்போடப்பட்டது. நகரத்தில் அது வரம். ஆனால் பல தோட்டங்களில் லயத்துக்கு மின்சாரம் வந்தது ஜெனரேட்டரிலிருந்து, அதுவும் இரவில் சில மணி நேரம். ஜெனரேட்டருக்குச் சுமை ஏறினால் துடிப்பு தளரும். நொடிக்கு 50 சுழற்சி என்பது 47 ஆக இறங்கினால், சக்கர ஆர்கனின் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். அலங்கார விளக்கு போட்டதும் பாட்டு அபசுரம் ஆகும் ஒரு திருவிழாவை நினைத்துப் பாருங்கள்.

அரைக் கட்டை என்று எழுதும்போதே இன்னொன்று. நாம் பாடகரின் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் விசை. ஐரோப்பியப் பெட்டி ஒன்றின் பல்லை வைத்துத்தான் தமிழ்க் குரலை இன்றுவரை அளக்கிறோம்.

தோட்டத்துக்கு வர வேண்டுமானால் ஆர்கன் மெலிய வேண்டும். சக்கரத்தை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாற வேண்டும். அது 1960களில் நடந்தது. 1962இல் இங்கிலாந்தில் வாக்ஸ் காண்டினென்டல் வந்தது. கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய விசைகள், மடக்கி எடுத்துப்போகும் கால்கள், சில டிராபார்கள். இத்தாலியில் அக்கார்டியன் செய்துகொண்டிருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய ஃபார்ஃபிசா 1964இல் தன் ஆர்கனோடு வந்தது. ஜப்பானில் யமஹா 1959இலேயே எலக்டோன் என்ற மின் ஆர்கனை விற்கத் தொடங்கியிருந்தது. யமஹாவின் பிறவியே ஆர்கனில்தான். 1887இல் ஹமாமட்சுவில் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கனைப் பழுது பார்க்கப் போன தொராகுசு யமஹா, அதைப் பார்த்துத் தானே ஒன்று செய்ததில் தொடங்கியது அந்த நிறுவனம். ஒரு நகலிலிருந்து.

அதே 1960களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பாப் யே யே அலை. கூகிரான் என்று அழைக்கப்பட்ட கிதார் குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. சிலவற்றில் ஆர்கனும் ஏறிக்கொண்டது. தமிழ்த் திரைப்பாடல்களிலும் அந்த மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மின் ஆர்கன் ஒலி கேட்கத் தொடங்கியது. வானொலியில் கேட்ட பாட்டை அப்படியே மேடையில் வாசிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்து இசைக்குழுக்களுக்கு இருந்த ஒரே விதி. அப்படியே வாசிக்க வேண்டுமானால் அந்தப் பெட்டி வேண்டும்.

ஜொகூரின் பெட்டி, டில்லியின் பெட்டி

மின் ஆர்கன் வருவதற்கு முன்பே அதன் அண்ணன் இங்கே வந்துவிட்டது. 1840களில் பாரிஸில் அலெக்சாண்டர் டெபெய்ன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதிக்கும் கருவி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1870களில் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாற்றினார். நாற்காலியில் உட்காராத ஊருக்கு ஏற்ற மாற்றம். நாடகக் குழுக்கள் அதைத் தூக்கிக்கொண்டன. இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்குக் கப்பலேறி வந்தன. அவற்றைப் பார்த்து எழுந்ததுதான் மலாய் பங்சாவான் நாடகம்.

ஜொகூரில் அந்த ஆர்மோனியம் இன்னொரு வேலை செய்தது. இங்கே கஸல் என்பது மலாய்க்காரர்களின் மரபிசை. பந்துன்கள் பாடப்படும். ஆர்மோனியம், தபலா, வயலின், காம்புஸ் எல்லாம் சேர்ந்து வாசிக்கும். இந்தியாவிலிருந்து வந்த வடிவத்தில் சாரங்கி இருந்த இடத்தில் வயலினையும், சித்தார் இருந்த இடத்தில் காம்புஸையும் வைத்தவர் மூவாரைச் சேர்ந்த பாக் லோமாக் என்ற ஹாஜி மூசா பின் யூசோப் என்பார்கள். ஆர்மோனியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிரெஞ்சுக்காரர் செய்து, வங்காளி மாற்றி, பார்சி நாடகம் சுமந்துவந்த பெட்டி இன்றைக்கு ஜொகூர் மலாய்ப் பண்பாட்டின் முகம். மூவாரும் நாங்கள் இருக்கும் அதே மாநிலம்தான்.

இந்தியாவில் அதே பெட்டிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அது இந்தியக் கருவி அல்ல, அதன் சுரங்கள் மேற்கத்திய முறையில் சமமாக வெட்டப்பட்டவை, கமகம் வராது என்பவை வாதங்கள். தாகூருக்கும் ஆர்மோனியம் ஆகாது. தடை 1971 வரை நீடித்து, பிறகும் பகுதியாகத்தான் தளர்ந்தது. கமகம் வராது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெட்டியால் போக முடியாது. ஆனால் அந்த முப்பத்தொரு வருடமும் ஊர்க் கூத்திலும் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் அதுதான் சுருதி கொடுத்தது. திரையிசை அதில்தான் மெட்டுப் போட்டது. எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மின் கருவிகளுக்கும் நம் சினிமாவில் இப்படி ஒரு வேடிக்கையான நுழைவு உண்டு. 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசை இந்தியா முழுக்கப் பைத்தியமாக அடித்தது. அந்த மகுடியில் மகுடி இல்லை. பிற்பாடு கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று புகழ்பெற்ற இரட்டையரில் ஒருவரான கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற சிறிய மின் கீபோர்டில் அதை வாசித்தார். அதற்குப் பிறகு மகுடி என்றாலே மக்களுக்கு அந்த ஒலிதான். அசல் பாம்பாட்டிகளே அந்த மெட்டை ஊதினார்கள்.

சென்னையில் இந்தக் கருவிகள் விலை உயர்ந்தவை. ஸ்டூடியோக்கள் வாடகைக்கு எடுக்கும். இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. அந்தக் கருவிகளோடு வளர்ந்த பையன் இளையராஜாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்து, 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தான்.

பதினேழாம் எண்

1980இல் கேசியோ தன் முதல் கீபோர்டை வெளியிட்டது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. சக்கரமும் இல்லை, கட்டையும் இல்லை. கணக்குப் போட்டு ஒலி செய்யும் கருவி. 1991இல் கருவி செய்யும் நிறுவனங்கள் ஜெனரல் மிடி என்ற பொது விதிக்கு உடன்பட்டன. எந்த நிறுவனத்தின் கீபோர்டாக இருந்தாலும் ஒரே எண்ணில் ஒரே வகைக் குரல் இருக்க வேண்டும். மொத்தம் 128 குரல்கள். உலகத்து இசைக்கருவிகளை 128 பேர் கொண்ட ஒரு பட்டியலில் அடைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் 17ஆம் எண் டிராபார் ஆர்கன். 18 தட்டொலி ஆர்கன், 19 ராக் ஆர்கன், 20 தேவாலய ஆர்கன், 21 ரீட் ஆர்கன். அதாவது 1936இல் போலி என்று குற்றஞ்சாட்டப்பட்டது, அசலான தேவாலய ஆர்கனுக்கு மூன்று எண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112. நாதஸ்வரத்துக்கு எண் இல்லை. கோயில் மேடையில் நாதஸ்வரம் வேண்டுமென்றால் மாமா 112ஐ அழுத்தி, சுருதி வளைக்கும் சக்கரத்தை இடது கையால் உருட்டுவார். "ஷெனாய கொஞ்சம் குண்டாக்கினா நம்ம ஆளு" என்பார். ஆர்மோனியத்தால் போக முடியாது என்று டில்லி சொன்ன அந்த இரண்டு விசைகளுக்கு நடுவிலான இடத்துக்கு, அந்தச் சின்னச் சக்கரம் வழி கொடுத்தது. இன்றைக்கு அதே சக்கரத்தை வைத்து சத்யநாராயணன் போன்றவர்கள் கீபோர்டில் முழு கர்நாடகக் கச்சேரி செய்கிறார்கள்.

ஆனால் 17ஆம் எண்ணில் ஒரு சோகம் உண்டு. பெயர் டிராபார் ஆர்கன். இழுக்க ஒரு கட்டை கிடையாது. கோடிக்கணக்கான சேர்க்கைகளில் ஒன்றை யாரோ தேர்ந்தெடுத்து உறைய வைத்துவிட்டார்கள். 1990களின் நடுவில் மாமாவின் குழு புதிய கீபோர்டு வாங்கியது. எடை குறைவு, தாளம் தானாக அடிக்கும், மெமரி உண்டு. பழைய ஆர்கன் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு வந்தது.

பிற்பாடு கட்டைகள் திரும்பி வந்தன. யமஹாவின் பெரிய கீபோர்டுகளில் ஆர்கன் புளூட்ஸ் என்று திரையில் ஒன்பது கட்டைகளின் படம் வரும். விரலால் தள்ளலாம். கேசியோவின் டபிள்யூகே-7500இல் உண்மையாகவே ஒன்பது தள்ளுவிசைகள். உச்சகட்டம் என்னவென்றால், இன்றைய டிஜிட்டல் ஆர்கன்களில் அந்த 'டக்' சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது. பக்கத்துச் சக்கரத்தின் ஒலி கசிவதையும் கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள். பழைய பொறியாளர்கள் தூக்கம் கெட்டு ஒழிக்கப் பார்த்த குறைகளை, புதிய பொறியாளர்கள் தூக்கம் கெட்டு உருவாக்குகிறார்கள்.

எட்டுப் பேரின் இடம்

இந்தக் கதையை நான் வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். மாமாவின் குழுவில் தொடக்கத்தில் பதினொரு பேர். தபலா, டோலக், டிரம்ஸ், இரண்டு கிதார், கிளாரினெட், அக்கார்டியன் என்று ஒரு வேன் நிறையப் போவார்கள். தாளம் தானாக அடிக்கும் கீபோர்டு வந்த பிறகு முதலில் போனது டோலக் வாசித்த அண்ணன். அடுத்து கிளாரினெட். அக்கார்டியன்காரர் பட்டியலின் 22ஆம் எண்ணுக்குள் போனார். கடைசியில் மாமா, ஒரு பாடகர், ஒரு பாடகி என்று மூன்று பேர். எட்டுப் பேர் இருந்த இடத்தில் ஒரு பெட்டி. இந்தோனேசியாவில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஓர்கான் துங்கல், ஒற்றை ஆர்கன். கிராமத்துக் கல்யாணங்களில் ஒருவர் வாசிக்க ஒருவர் பாட, முழு டங்டுட் குழுவின் ஒலியும் கேட்கும்.

எனக்கு நினைவிருக்கிறது. டோலக் அண்ணன் பிறகும் கச்சேரிக்கு வருவார். மேடைக்கு ஏறமாட்டார். கீழே முன்வரிசையில் உட்கார்ந்து, கீபோர்டு அடிக்கும் தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். மாமா அவரைப் பார்க்காமல் வாசிப்பார்.

பிறகு மாமாவின் முறை வந்தது. பின்னணி இசை முழுவதும் பென்டிரைவில் வந்துவிட்டது. கரோக்கே போட்டுப் பாடினால் போதும். சம்பளம் கேட்காத, சாப்பாடு கேட்காத ஆர்கன்காரர்.

நகல் என்ற சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இலக்கியச் சந்திப்பில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், மலேசியத் தமிழ் எழுத்து பெரும்பாலும் தமிழகத்தின் நகல் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அரங்கில் இருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. என்னவோ எனக்கு மாமாவின் ஆர்கன்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது யோசித்தால், அந்த அரங்கில் நடந்தது 1936இன் விசாரணைதான். அசல் அங்கே இருக்கிறது, நீ அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாய் என்று சொல் என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. பக்கத்தில் வந்தால் நகல், வராவிட்டால் குறை. ஹாமண்ட் ஆர்கன் அந்த வழக்கில் வாதாடி ஜெயிக்கவில்லை. தேவாலயங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் போய், அதன் 'டக்' சத்தத்தோடும் கசிவோடும் அங்கே தேவைப்பட்ட பாட்டை வாசித்தது. மூவாரின் கஸல்காரர்கள் ஆர்மோனியத்திடம் நீ எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பந்துனுக்குச் சுருதி கொடு என்றார்கள்.

ஆனால் இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. நகலாகத் தொடங்குவது பிழையில்லை. 17ஆம் எண்ணாக உறைந்துவிடுவதுதான் ஆபத்து. பெயரில் டிராபார் இருக்கும், இழுக்கக் கட்டை இருக்காது. யாரோ எங்கேயோ தேர்ந்தெடுத்த ஒரு சேர்க்கையை நாம் அழுத்திக்கொண்டே இருப்போம். சென்னையிலிருந்து வருகிற வாக்கியத்தை அப்படியே வாசிக்கிற எழுத்துக்கும் அதுதான் நடக்கிறது. லயத்துப் பேச்சு, பசார் மலாய், கித்தாக் காட்டு இருட்டு என்று நம் கையில் இருக்கிற கட்டைகளை நாமே இழுத்துப் பார்க்க வேண்டும். சில சேர்க்கைகள் சகிக்காது. மாமாவுக்கும் சகிக்காமல்தான் வந்திருக்கிறது, மேடையிலேயே.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அந்தப் பழைய ஆர்கனை வெளியே எடுத்தோம். மாமாவுக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. தூசி தட்டி, மின்சாரம் கொடுத்தோம். இரண்டாவது கட்டையும் எட்டாவது கட்டையும் இறுகிப்போய்விட்டன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஏழு கட்டைகள் அசைந்தன. டோலக் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்றார்.

பிறகு ஒரு விரலால் ச வைத்துப் பிடித்தார்.

"மூணு, அஞ்சு, ஏழு. ஞாபகம் இருக்கா? நீயே இழு. எனக்கு மேல உள்ளது கேக்க மாட்டேங்குது. சரியா வந்தா சொல்லு."

இழுத்தேன். வந்தது. சொன்னேன்.